விளையாட்டில் காயம்: பொறுப்பு யாருடையது?



விளையாட்டு விழா என்றாலே நம் உள்ளம் துள்ளும். களத்தில் ஈட்டி பறக்கும். கயிற்றுக்கு வெளியே நின்று நாம் கை தட்டுவோம். அந்த ஈட்டி தவறி ஒருத்தியின் மேல் பட்டுவிட்டால்? “விளையாட்டில் இதெல்லாம் சகஜம்” என்று சொல்லிவிடலாமா? சட்டம் தரும் விடையைச் சில உண்மை வழக்குகளின் மூலம் காண்போம். நம் நாட்டு நஷ்டஈட்டுச் சட்டம் பெரும்பாலும் ஆங்கிலேயச் சட்டத்தை அடியொற்றியது. ஆகவே இவ்வழக்குகள் பிரிட்டனைச் சேர்ந்தவை.

அயலார் யார்?

1932-இல் அட்கின் பிரபு என்ற நீதிபதி, பானப் புட்டி ஒன்றைப் பற்றிய வழக்கில், நல்ல சமாரியன் உவமைக்கு முன் எழுந்த அதே கேள்வியை எழுப்பினார். அயலாரை நேசிப்பது அறம். அயலாருக்குத் தீங்கு நேராமல் கவனமாக இருப்பது அதன் சட்ட வடிவம் என்றார். நம் செயலால் யாருக்குத் தீங்கு நேரலாம் என முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டுமோ, அவர்களே சட்டத்தின் கண்ணில் நம் அயலார்.

பார்வையாளர்

1930-இல் புரூக்லண்ட்ஸ் கார்ப் பந்தயத்தில் ஒரு கார் கம்பித் தடுப்பைத் தாண்டிக் கூட்டத்தில் பாய்ந்தது. 1907-இல் திறக்கப்பட்ட அத்தளத்தில் அதுவரை அப்படி நடந்ததே இல்லை. தக்க கவனம் எடுத்திருந்ததால் உரிமையாளர் பொறுப்பல்ல என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1947-இல் மான்செஸ்டரில் தன் வீட்டு வாசலுக்கு வெளியே நின்ற பெண்மணி ஒருவரைக் கிரிக்கெட் பந்து தாக்கியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் ஆறு முறையளவே பந்து அவ்வேலியைத் தாண்டியிருந்தது. 1951-இல் பிரபுக்கள் சபை அவருக்கு நஷ்டஈடு இல்லை என்றது. அவர் பட்ட வலி உண்மை. ஆனால் வலி மட்டும் போதாது, கவனக்குறைவும் இருக்கவேண்டும். ஆபத்து நேரும் வாய்ப்பு எவ்வளவு, நேர்ந்தால் விளைவு எவ்வளவு கடுமை என இரண்டையும் சட்டம் எடைபோடுகிறது. பந்து அடிக்கடி தெருவில் விழுந்திருந்தால் விடை வேறாகியிருக்கும்.

ஆட்டக்காரர்

களத்தில் இறங்குபவர் ஆட்டத்தின் இயல்பான அடிகளை ஏற்றுக்கொண்டே இறங்குகிறார். முரட்டுத்தனத்தை ஏற்றுக்கொள்வதில்லை. கால்பந்து ஆட்டம் ஒன்றில் விதி மீறி இடறி எதிராளியின் காலை முறித்தவர் நஷ்டஈடு தர வேண்டும் என்று 1985-இல் தீர்ப்பாயிற்று. நம் குற்றவியல் சட்டமும் இருவர் மனமொத்துப் பொழுதுபோக்காக வாட்பயிற்சி செய்வதை எடுத்துக்காட்டி, நியாயமாக ஆடும்போது நேரும் காயத்தைக் குற்றமாகக் கருதுவதில்லை. ஆனால் அச்சம்மதம் பதினெட்டு வயது கடந்தவருடையதாக இருக்கவேண்டும் என்கிறது. அவ்வயதை எட்டாத நமக்கோ பெரியோரின் பாதுகாப்பு அவசியம்.

நடத்துவோர்

1991-இல் லண்டனில் மைக்கேல் வாட்சன் என்ற குத்துச்சண்டை வீரர் மூளையில் காயமுற்றார். மருத்துவர்கள் இருந்தும், உடனடியாக உயிர்காக்கும் சிகிச்சை அளிக்க மேடை அருகே ஏற்பாடு இல்லை. அதற்கான விதியை வகுக்காத குத்துச்சண்டை வாரியமே பொறுப்பு என்று 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. நடக்கவே இயலாதிருந்த வாட்சன், 2003-இல் லண்டன் மாரத்தான் தூரத்தை ஆறு நாட்களில் நடந்து முடித்தார்!

நம் கடமை

கவனமுள்ள பெற்றோர் தம் பிள்ளைக்குக் காட்டும் அக்கறையை ஆசிரியரும் காட்ட வேண்டும் என்று 1893-இலேயே ஓர் ஆங்கில வழக்கு கூறியது. ஆகவே ஈட்டிக் களத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவதும், முதலுதவிப் பெட்டியைத் தயாராக வைப்பதும் வெறும் சடங்கல்ல. ஆனால் ஆசிரியை கட்டிய கயிற்றைத் தாண்டி, தோழிக்குக் கை தட்ட ஓடுபவர்கள் நாம்தானே? எறிபவள் எறியுமுன் எதிரே பார்க்கட்டும். பார்ப்பவள் கயிற்றுக்கு வெளியே நிற்கட்டும். வழக்கில் வெல்வதைவிட, வழக்கே எழாமல் காப்பதன்றோ மேல்!