மருந்தை வெல்லும் கிருமிகள்: நயோமி தத்தாவின் ஆராய்ச்சி

நோயை வெல்ல மருந்து பிறந்தால், மருந்தை வெல்லக் கிருமியும் பிறக்கின்றது. கிருமிகள் அவ்வாற்றலை எங்கிருந்து பெறுகின்றன? இவ்வினாவுக்கு விடை தேடி இலண்டன் மாநகரில் நெடுங்காலம் உழைத்த நயோமி தத்தா அம்மையாரின் ஆராய்ச்சியைத் துணையாகக் கொண்டு, அதனை ஈண்டு ஆராய்வாம்.

பெனிசிலினை 1928 ஆம் ஆண்டிற் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945 இல் நிகழ்த்திய நோபல் பரிசுச் சொற்பொழிவிலேயே ஓர் எச்சரிக்கை விடுத்தார். மருந்தைக் குறைவாக உட்கொண்டால் கிருமிகள் மடியா. அதனை எதிர்க்கும் வலிமையே பெறும் என்பது அது. அந்நாளில் அறிஞர் பலர் இவ்வலிமை தாய்க்கலத்திலிருந்து சேய்க்கலத்துக்கு மாத்திரம் செல்லும் எனக் கருதினர். பல கோடிக் கிருமிகளுள் ஒன்றிற் தற்செயலாய் ஒரு மாற்றம் நேரும். மருந்து ஏனையவற்றைக் கொல்ல, அவ்வொன்றின் வழித்தோன்றல்கள் பெருகும். இது மெய்யே. ஆயின், மூன்று நான்கு மருந்துகளை ஒருங்கே எதிர்க்கும் கிருமிகள் விரைவிற் பரவியதற்கு இவ்விளக்கம் போதியதன்று. அத்தனை மாற்றங்களும் ஒரே கலத்தில் ஒருங்கே நேர்தல் மிக அரிதன்றோ?

இம்முடிச்சு முதலில் யப்பானில் அவிழ்ந்தது. வயிற்றுளைவு நோயை விளைக்கும் சிகெல்லாக் கிருமிகள் அங்கே பல மருந்துகளை ஒருங்கே எதிர்த்தன. குடலில் வாழும் பிறிதோர் இனப் பக்ரீரியாவிலிருந்து அவ்வாற்றல் சிகெல்லாவுக்குக் கைமாறக்கூடும் என 1959 இல் யப்பானிய அறிஞர் காட்டினர்.

அதே ஆண்டில் இலண்டன் ஹமர்சிமித் வைத்தியசாலையிற் சல்மொனெல்லாக் கிருமியால் நோய் பரவியது. 1922 இற் பிறந்து வைத்தியக் கல்வி கற்ற நயோமி தத்தா, அப்போது அங்கே பணியாற்றினார். நோயாளரிடமிருந்து பெற்ற கிருமிகளுட் சில, ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளை எதிர்த்தன. அவற்றை மருந்துக்கு மடியும் பிறவினப் பக்ரீரியாக்களோடு கலந்து வளர்த்தார். முன்னர் மடிந்த இனமும் இப்போது மருந்தை எதிர்த்து வளர்ந்தது. மேலை நாடுகளில் இக்கைமாற்றத்தை முதன்முதல் நிறுவியோருள் ஒருவராய், 1962 இல் தம் முடிபை வெளியிட்டார்.

கைமாறிய பொருள் யாது? பக்ரீரியாவின் நிறமூர்த்தத்துக்குப் புறம்பாக, வளையம்போன்ற சிறு டீ.என்.ஏ. துண்டொன்று கலத்தினுள் இருப்பதுண்டு. அது பிளாசுமிட்டு எனப்படும். இரு கலங்கள் இணையும்போது அதன் படியொன்று ஒன்றிலிருந்து மற்றையதற்குச் செல்லும். எதிர்ப்பை விளைக்கும் பரம்பரையலகுகள் பல ஒரே பிளாசுமிட்டில் அமைந்திருப்பின், அவை அனைத்தும் ஒரே பயணத்தில் இடம்மாறும்.

1965 இல் அம்மையாரும் கொன்ரோமிகாலு என்னும் துணைவரும், பெனிசிலின் வகை மருந்தைச் சிதைக்கும் நொதியமொன்றும் இவ்வாறே பரவுதலைக் காட்டினர். ஏதென்சு நகர நோயாளி ஒருவரின் பெயரினின்று எடுத்த எழுத்துக்களால் அது ‘ரெம்’ எனப் பெயர்பெற்றது. பின்னர், ஒரே கலத்தில் ஒன்றாய் நிலைத்து வாழ இயலாத பிளாசுமிட்டுக்களை ஒரு குழுவாக வகுக்கும் முறையையும் வளர்த்தார்.

எஞ்சிய வினா ஒன்று. மருந்துகள் தோன்றியபின்தான் பிளாசுமிட்டுக்கள் தோன்றினவா? இதனை அறிய, மருந்துகள் பரவுமுன் வாழ்ந்த கிருமிகள் வேண்டும். மரே என்னும் அறிஞர் 1917 முதல் 1954 வரை திரட்டிய குடற் பக்ரீரியாக்கள் அடைத்துப் பேணப்பட்டிருந்தன. ஹியூசு என்பவரோடு அவற்றை ஆராய்ந்த அம்மையார், 1983 இல் முடிபை வெளியிட்டார். குறைந்தது 24 வீதமானவற்றில் இடம்மாறும் பிளாசுமிட்டுக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றேனும் மருந்தெதிர்ப்பைச் சுமந்திருக்கவில்லை. வண்டி முன்னரே ஓடிக்கொண்டிருந்தது. சரக்கே பின்னர் ஏறியது. அச்சரக்கைச் சுமந்த வண்டிகளைப் பெருகச் செய்தது நாம் மருந்தை வழங்கிய முறையாகும்.

இதனின்று நாம் கொள்ளத்தக்கன எவை? தடிமன் போன்ற வைரசு நோய்களுக்கு இம்மருந்துகள் பயன் தாரா. வேண்டாதவிடத்து உட்கொண்டால், நம் குடலிலுள்ள தீங்கற்ற பக்ரீரியாக்களுள் எதிர்ப்புள்ளவையே எஞ்சும். அவை தம் ஆற்றலை நாளை வரும் நோய்க்கிருமிக்கு ஈயவுங் கூடும். ஆகவே வைத்தியர் விதித்தவாறே உண்டல் வேண்டும். ஒருவர்க்கு ஈந்த மருந்தைப் பிறர்க்குப் பகிர்தல் ஆகாது. 2019 இல் மாத்திரம் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் மக்கள் மருந்தெதிர்ப்புக் கிருமிகளால் நேரே மாண்டனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது.

1985 இல் இங்கிலாந்தின் றோயல் சங்கம் அம்மையாரை அங்கத்தவராக்கியது. 2008 இல் அவர் மறைந்தார். மாணவர் ஒன்று சிந்திக்க. மரே தம் கிருமிகளைத் திரட்டத் தொடங்கியபோது, பிளாசுமிட்டு என்னும் சொல்லே பிறந்திருக்கவில்லை. அவர் செவ்வனே பேணிவைத்தார். பின்வந்தோர் செவ்வனே வினாவினர். கல்வி வளர்வது இவ்விருவகை உழைப்பாலுமே என்க.