பாடம் 6: கொரோனாக் காலத்தில் தள்ளிப்போட்ட வருத்தங்கள்

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு போட்டார்களே, அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்? சிலர் லயத்தில் இருந்திருப்பீர்கள். சிலர் கொழும்பில் கடையிலோ வீட்டு வேலையிலோ கட்டுநாயக்கவில் கார்மென்ட்டிலோ அடைபட்டு, பிறகு கிடைத்த வாகனத்தில் பசறைக்கும் ஹப்புத்தளைக்கும் வந்து சேர்ந்திருப்பீர்கள்.

வீடு மாறிப் போகும் உங்களுக்கான கையேட்டில் ஊரடங்குக் கதை ஏன் என்று கேட்கலாம். அன்றும் இன்றும் ஒரு விஷயம் ஒன்றுதான்: பழகிய கிளினிக்கும், பழகிய மருத்துவமாதுவும், கையில் இருந்த அட்டையும் திடீரென்று கைக்கு எட்டாமல் போகின்றன. அப்படி விட்டுப்போகும் சிகிச்சையில் பாலுறவால் தொற்றும் நோய்களின் சிகிச்சை முதலில் வரும். காரணம், வாய்விட்டுக் கேட்க வெட்கம்.

தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கணக்கைப் பாருங்கள். 2019இல் இலங்கையில் புதிதாகக் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி. தொற்றாளர்கள் 439 பேர். கொரோனா வந்த 2020இல் 363 பேர். தொற்று குறைந்துவிட்டது என்று சந்தோஷப்பட இடமில்லை. பஸ் இல்லாததால், பயத்தால், பரிசோதனைக்குப் போனவர்கள் குறைந்தார்கள். 2021இல் 411, 2022இல் 607 என்று கணக்கு ஏறியது. ஊரடங்கு நாட்களில் கண்டுபிடிக்காமல் விட்டதும் இதில் சேர்ந்திருக்கும்.

எச்.ஐ.வி.யைவிட நம் தோட்டங்களில் கவனிக்காமல் விடப்படுவது சிபிலிஸ். பெரியவர்கள் கிரந்தி, மேகப்புண் என்று சொல்வார்கள். ஒரு உதாரணத்துக்கு, கொழும்பிலிருந்து வந்த இளைஞர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தொற்றிய சுமார் மூன்று வாரத்தில் ஆணுறுப்பில் ஒரு புண் வருகிறது. நோவில்லை. பதுளைக்குப் போக பஸ்ஸும் இல்லை. சில வாரங்களில் புண் தானாகவே ஆறிவிடுகிறது. "சூட்டுப் புண்தான், சரியாகிப் போச்சு" என்று அவர் மறந்துவிடுகிறார். பிறகு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வருகிறது. கொழுந்துப் பையைத் தூக்குகிறவருக்கு, முள்ளுக் குத்துகிறவருக்குக் கையில் தடிப்பு புதிதா? அதுவும் மறைந்துவிடுகிறது. வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் கிருமி உடம்பை விட்டுப் போகவில்லை. வருடங்கள் கழித்து இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும். இரத்தப் பரிசோதனை செய்தால் மட்டுமே தெரியும். கண்டுபிடித்துவிட்டால் பென்சிலின் ஊசியால் குணமாக்கலாம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் சொல்ல வேண்டும், வேறு மருந்து இருக்கிறது.

அதே இளைஞருக்குக் கல்யாணமாகி, மனைவி கர்ப்பமாகிறார் என்று வையுங்கள். சிபிலிஸ் தாயிடமிருந்து வயிற்றில் உள்ள குழந்தைக்குப் போகும். குழந்தை இறந்து பிறக்கலாம், பிறந்தாலும் நோயோடு பிறக்கலாம். இதற்காகத்தான் கர்ப்பிணிக் கிளினிக்கில் முதல் வருகையிலேயே சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் எடுக்கிறார்கள். எடுக்கும்போது பல அக்காமார் "எனக்கு எதுக்கு இந்தப் பரிசோதனை, நான் அப்படியான ஆளா?" என்று மனம் நோகிறார்கள். யாரையும் சந்தேகப்பட்டு எடுப்பதில்லை. துரை வீட்டு அம்மா கர்ப்பமானாலும் இதே பரிசோதனைதான். இப்படி எல்லாத் தாய்மாரையும் பரிசோதித்ததால்தான், தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று கொடுத்தது. ஆனால் ஊசி பிரசவத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். ஏழாம் எட்டாம் மாதத்தில்தான் முதல் தடவையாகக் கிளினிக் போனால் நேரம் போதாமல் போகலாம். ஊரடங்கில் கிளினிக் தள்ளிப்போனதும் இப்போது வீடு மாறுவதால் தள்ளிப்போவதும் இங்கேதான் ஆபத்து.

கூட்டங்களில் இந்தப் பாடத்தைச் சொல்லும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. தேத்தண்ணி நேரத்தில்தான் ஓரமாக வந்து கேட்பார்கள். பெண்கள் அதிகம் கேட்பது வெள்ளைபடுதல் பற்றி. எல்லா வெள்ளைபடுதலும் பாலியல் நோய் அல்ல. தயிர்போலத் திரண்டு, அரிப்போடு வருவது பெரும்பாலும் பூஞ்சணத் தொற்று. அது ஒழுக்கம் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. மஞ்சள் அல்லது பச்சை நிறம், கெட்ட வாடை, அடிவயிற்று நோவு, உறவின்போது வலி, இடையில் இரத்தம் என்றால் காட்டியே ஆக வேண்டும். கொனோரியாவும் கிளமிடியாவும் ஆண்களுக்குச் சீழாகவும் சிறுநீர் எரிச்சலாகவும் வெளியே தெரியலாம். பெண்களுக்குப் பல நேரம் ஒன்றும் தெரியாது, உள்ளே கருக்குழாய் மட்டும் கெடும். "பிள்ளை தங்கவில்லை" என்று மருமகளைக் குறை சொல்லும் வீடுகளில், தொற்று மகனிடமிருந்தே வந்திருக்கலாம்.

ஆண்கள் கேட்பது ஒன்றுதான்: பாமசியில் வாங்கிப் போட என்ன குளிசை? கொரோனா நாட்களில் இந்தப் பழக்கம் நன்றாக ஊறிவிட்டது. காய்ச்சலுக்குக் கொடுத்த அன்டிபயோட்டிக்கில் மிச்சம் நாலு குளிசை வீட்டில் கிடக்கும், அதையே போடுவது. இரண்டு நாளில் எரிச்சல் குறையும், கிருமி சாகாது. அடுத்த தடவை அந்த மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாகத் திரும்பி வரும். கொனோரியாவில் உலகம் முழுக்க இப்போது இதுதான் பெரிய தலைவலி. மனைவிக்குச் சிகிச்சை செய்யாமல் கணவர் மட்டும் மருந்து எடுத்தாலும், கணவரை விட்டுவிட்டு மனைவி மட்டும் எடுத்தாலும், வருத்தம் சுற்றிச் சுற்றி வரும்.

ஒரே பீலி, ஒரே கக்கூஸ், ஒரே துவாய் என்பதால் எச்.ஐ.வி.யோ சிபிலிஸோ தொற்றாது. தற்காலிக முகாமில் பத்துக் குடும்பம் ஒரே கழிவறையைப் பயன்படுத்துவதால் இதைச் சொல்கிறோம்.

பலரைத் தடுப்பது நோயைவிடப் பெரிய பயம் ஒன்று. கொரோனா பொசிட்டிவ் என்றால் பீ.எச்.ஐ. வருவார், வாசலில் நோட்டீஸ் ஒட்டுவார், லயமே அடைபடும், மறுநாள் பிரட்டுக்களத்தில் அதே பேச்சு. இரத்தம் கொடுத்தால் இதற்கும் அப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் பாலியல் நோய் கிளினிக்கின் நடைமுறை நேர் எதிரானது. பதுளை போதனா வைத்தியசாலையிலும் மொனராகலை மாவட்ட பொது வைத்தியசாலையிலும் இந்தக் கிளினிக் இருக்கிறது. டிஸ்பென்சரி ஐயாவிடமோ வேறு எவரிடமோ துண்டு வாங்கிக்கொண்டு போகத் தேவையில்லை. காசு கிடையாது. உங்களுக்கு ஒரு இலக்கம் தருவார்கள், அந்த இலக்கத்தால்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்கு ஆள் வந்து நோட்டீஸ் ஒட்டமாட்டார். துணைவரை அழைத்து வரச் சொல்வார்கள், அதையும் உங்கள் சம்மதத்தோடுதான். சிங்களம் தெரியாது என்று தயங்கினால், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். போனால் அன்றைய பேர் போய்விடும் என்பது உண்மை. அதற்கு எங்களிடமும் பதில் இல்லை. காலை நேரத்தோடு போனால் ஒரே நாளில் முடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் சொல்லலாம்.

பலவந்தமாக உறவு நடந்திருந்தால் காத்திருக்காதீர்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், முந்தினால் இன்னும் நல்லது. எந்த அரச வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அம்புலன்ஸ் 1990. ஊரடங்கு நாட்களில் குடிக்கும் கணவரோடு ஒரே காம்பராவில் அடைபட்டவர்களுக்கு இது ஏன் இந்தப் பாடத்தில் வருகிறது என்று விளக்கத் தேவையில்லை.

இனி வீடு மாறும் நாள். 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு எல்லாமே மண்ணுக்குள் போனது. தப்பியவர்கள் தற்காலிக இடங்களில் தங்கி, 2016இல்தான் மக்கல்தெனியவில் புது வீடு கண்டார்கள். அவ்வளவு காலமும் கர்ப்பமும் பிரசவமும் நின்றா இருந்தன? நீங்கள் போகும்போது கர்ப்பிணி அட்டை, கிளினிக் அட்டை, குளிசை எல்லாம் லொறியில் ஏற்றும் பெட்டியில் வேண்டாம், உங்கள் கைப்பையில் இருக்கட்டும். அட்டைகளைப் போனில் படம் எடுத்து வையுங்கள். எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்கள் ஒரு மாத மருந்தாவது முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள், ஒரு நாளும் விடக்கூடாது. ஊசி பாதியில் நிற்கிறது என்றால் எத்தனையாவது ஊசி என்பதை எழுதி வாங்குங்கள். புதிய இடத்தின் மருத்துவமாது யார் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டு, முதல் வாரத்திலேயே பெயர் பதியுங்கள். ஆணுறை அவரிடமும் கிளினிக்கிலும் இலவசமாகக் கிடைக்கும். சந்தேகமான உறவு நடந்து மூன்று மாதம் ஆகவில்லை என்றால், முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி இரத்தம் கொடுக்க வேண்டும். அந்தத் திகதியைப் புது வீட்டுச் சுவரில் கலண்டரில் ஒரு புள்ளியாகக் குறித்து வைத்தால் போதும், எதற்கு என்று எழுதத் தேவையில்லை.