மாம்பழ ஈயின் இணைசேர்க்கையும் கவர்ச்சிப் பொறியும்

மாந்தோப்பில் கவர்ச்சிப் பொறி கட்டிய விவசாயிகள் பலர், "பொறி நிறைய ஈ செத்துக் கிடக்கிறது, பழத்தை அறுத்தால் புழுவும் இருக்கிறதே!" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பொறியில் கிடக்கும் ஈக்களை எடுத்து வால் நுனியைப் பாருங்கள். பெண் ஈக்கு அங்கே ஊசிபோல் முட்டையிடும் உறுப்பு நீண்டிருக்கும். பொறியில் அத்தகைய ஈயைக் காண்பது அரிது. விழுந்தவை ஆண் ஈக்கள். பழத்தைத் துளைத்து முட்டையிடுவதோ பெண் ஈ.

பழ ஈ கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்த உடனே இணைசேர்வதில்லை. பருவமடைய ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதன்பின் பொழுது சாயும் வேளையில் ஆண் ஈக்கள் மர இலைகளில் கூடி, இறகுகளை விடாமல் அதிர்த்து ஒருவித வாசனையைப் பரப்புகின்றன. அந்த வாசனைக்குப் பெண் ஈ வந்து சேரும். இருட்டும் நேரத்தில் சேர்ந்த இணை விடியும்வரைகூடப் பிரியாதிருக்கும். ஓர் ஆண் ஈ பல பெண் ஈக்களுடன் சேரவல்லது. பெண் ஈக்கோ ஒருமுறை பெற்ற விந்தே பல நாட்கள் முட்டையிடப் போதும்.

பொறியில் வைக்கும் மருந்தின் பெயர் மீத்தைல் யூஜினால். இது துளசி போன்ற செடிகளில் இயற்கையாகவே உள்ளது. துளசி இலையில் ஈ மொய்ப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்பவர், சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் பழ ஈக்கள் வருவதை 1912-ல் எழுதினார். அவற்றை இழுக்கும் பொருள் மீத்தைல் யூஜினால் என்று 1915-ல் காட்டினார். ஆண் ஈ இதை ஆவலுடன் நக்கி உண்டு, உடலில் மாற்றி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேர்த்துவைத்து, மாலையில் வாசனையாக வெளியிடுகிறது. இதை உண்ட ஆண் ஈயையே பெண் ஈ அதிகம் நாடுகிறது.

இங்குதான் எச்சரிக்கை வேண்டும். பொறியில் பூச்சிக்கொல்லி இல்லாவிட்டாலும், இருந்தும் வீரியம் இழந்துவிட்டாலும், மருந்தை நக்கிய ஆண் ஈ உயிருடன் வெளியேறும். அப்படிப்பட்ட பொறி பழ ஈக்கு விருந்து வைத்ததற்கு ஒப்பாகும்! ஆகவே வாரம் ஒருமுறை பொறியைத் திறந்து பாருங்கள். ஈக்கள் உள்ளே உயிருடன் திரிந்தால் கட்டையை உடனே மாற்றுங்கள்.

தோப்புக்கு ஒரு பொறி என்று மரத்தில் தொங்கவிடுவதும் வீண். எஞ்சிய சில ஆண் ஈக்களே பல பெண் ஈக்களைக் கருவுறச் செய்துவிடும். ஏக்கருக்குப் பத்துப் பொறியாவது வேண்டும். அறுவடைக்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே கட்டிவிட வேண்டும். காய் முற்றியபின் கட்டினால், ஏற்கெனவே கருவுற்ற பெண் ஈயைப் பொறி என்ன செய்யும்? அடுத்த தோப்பிலிருந்தும் அத்தகைய ஈ பறந்துவரும். எனவே பக்கத்துத் தோப்புக்காரரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உதிர்ந்த பழத்தில் உள்ள புழு மண்ணுக்குள் சென்று கூட்டுப்புழுவாகும். அப்பழங்களை அன்றாடம் பொறுக்கி ஆழப் புதைத்துவிடுங்கள்.

பாகல், புடல் போன்ற பந்தல் காய்கறிகளைத் தாக்கும் ஈ வேறு இனம். அது மீத்தைல் யூஜினாலுக்கு வராது. அதற்குக் கியூலூர் என்ற மருந்து வைத்த பொறியைக் கேட்டு வாங்குங்கள்.