ஒரு படத்தில் அடங்காத மரம்

கதிரி என்பது ஆந்திரப் பிரதேசத்தில் உள்ள ஓர் ஊர். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் போனால் கூட்டிபயலு என்ற கிராமம் வரும். வழியெல்லாம் பாறைக் குன்றுகள். மழை குறைவான பூமி. மழை பெய்தால் நிலக்கடலை விளையும். பெய்யாவிட்டால் நிலம் காய்ந்து கிடக்கும். முன்பு இது அனந்தப்பூர் மாவட்டத்தில் இருந்தது. 2022-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ சத்திய சாயி மாவட்டத்தில் இருக்கிறது.

அந்தக் காய்ந்த மலைகளுக்கு நடுவே ஒரு தோப்பு தெரியும். பச்சைப் பசேல் என்று இருக்கும். தூரத்தில் இருந்து பார்ப்பவர்கள் பல மரங்கள் சேர்ந்து நிற்பதாகவே நினைப்பார்கள். கிட்டப் போனால்தான் உண்மை தெரியும். அது தோப்பு அல்ல. ஒரே ஓர் ஆலமரம்!

அதன் பெயர் திம்மம்மா மர்ரிமானு. தெலுங்கில் மர்ரி என்றால் ஆல். மானு என்றால் மரம். அதன் கிளைகள் 19,107 சதுர மீட்டர் நிலத்தை மூடி இருக்கின்றன. நம் கணக்கில் சொன்னால் 4 ஏக்கர் 72 சென்ட். ஒரு நடுத்தர விவசாயியின் நிலம் முழுவதையும் ஒரே மரம் மூடி நிற்பதை எண்ணிப் பாருங்கள்.

கதையும் சட்டமும்

இந்த மரத்துக்கு ஒரு கதை உண்டு. திம்மம்மா என்ற பெண் 1434-ஆம் ஆண்டு தன் கணவனின் சிதையில் உயிர் விட்டாள் என்றும், அந்த இடத்தில் நட்ட கம்பில் இருந்து இந்த மரம் துளிர்த்தது என்றும் அப்பகுதி மக்கள் சொல்கிறார்கள். மரத்தின் அடியில் அவளுக்குச் சிறிய கோயிலும் இருக்கிறது. பிள்ளை இல்லாதவர்கள் வந்து வேண்டிக் கொள்கிறார்கள். அந்த நம்பிக்கை மரத்தின் மேல் கோடாலி விழாமல் காத்தது என்றும் சொல்லலாம். ஆனால் ஒரு பெண் தீயில் இறங்கியது பெருமைக்கு உரிய செயல் அல்ல. உடன்கட்டை ஏறும் வழக்கத்தை 1829-இல் வங்காளத்தில் தடை செய்தார்கள். 1987-இல் வந்த சட்டத்தின்படி அதைப் புகழ்ந்து கொண்டாடுவதும் குற்றம். மரத்தை மதிப்போம். அந்த வழக்கத்தை மதிக்க வேண்டியதில்லை.

வெளியுலகம் அறிந்தது எப்படி?

சுற்று வட்டார மக்களுக்கு இந்த மரம் பரம்பரையாகத் தெரியும். வெளியே அவ்வளவாகத் தெரியாது. பெரிய ஆலமரம் எது என்று கேட்டால், கொல்கத்தா பக்கம் உள்ள ஹவுரா தோட்டத்து மரத்தைத்தான் பலரும் சொல்வார்கள்.

பெங்களூரைச் சேர்ந்த ஒரு பத்திரிகையாளர் இதை மாற்றினார். அவர் புகைப்படமும் எடுப்பவர். அவர் பெயர் சத்தியநாராயண ஐயர். இளம் வயதில் அவர் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பியவை எல்லாம் திரும்பி வந்தன. 'வருந்துகிறோம், வெளியிட இயலவில்லை' என்ற சீட்டும் கூடவே வந்தது. ஆங்கிலத்தில் அதை 'ரிக்ரெட்' சீட்டு என்பார்கள். வேறு ஒருவராக இருந்தால் சோர்ந்து போயிருப்பார். அவரோ அந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்தார். பிறகு தன் பெயரையே 'ரிக்ரெட் ஐயர்' என்று மாற்றிக் கொண்டார்!

திம்மம்மா மரத்தை வெளியுலகத்தின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர் அவர்தான். 1989-ஆம் ஆண்டு கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அந்த மரம் இடம் பெற்றது. அதன் பிறகு வெளிமாநிலங்களில் இருந்தும் மக்கள் வந்தார்கள். இன்று வனத்துறை அந்த மரத்தைப் பராமரிக்கிறது. தொங்கும் இளம் விழுதுகளைச் சுற்றி மூங்கில் குழாய் கட்டுகிறார்கள். குழாய்க்குள் மண்ணும் எருவும் நிரப்புகிறார்கள். விழுது அதற்குள் இறங்கித் தரையைத் தொடுகிறது. பிறகு தூணாகப் பருத்து, மேலே உள்ள கிளையைத் தாங்குகிறது. தாங்க ஆள் இல்லாத நீண்ட கிளை தன் பாரத்தாலேயே முறியும். அதனால்தான் இந்த வேலை.

அடிமரம் எங்கே?

ஹவுராவின் தாவரவியல் தோட்டம் 1787-இல் தொடங்கப்பட்டது. அங்குள்ள ஆலமரத்துக்கு 250 வயதுக்கு மேல். அதைப் பார்க்க வருபவர்கள், 'அடிமரம் எங்கே?' என்று தேடுவார்கள். அடிமரம் இல்லை! 1864-லும் 1867-லும் வீசிய புயல்களில் பெரிய கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்தில் காளான் நோய் புகுந்தது. நோய் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கடைசியில் 1925-இல் அடிமரத்தை வெட்டி நீக்கினார்கள். அதன் சுற்றளவு 15 மீட்டருக்கு மேல். பத்துப் பேர் கை கோத்தால்கூடச் சுற்றி வளைப்பது கடினம்.

ஆனாலும் மரம் சாகவில்லை. ஆயிரக்கணக்கான விழுதுகள் அதைத் தாங்கி நிற்கின்றன. அதன் ஓரமாக 330 மீட்டர் நீளத்தில் ஒரு சாலை போட்டார்கள். மரம் அந்தச் சாலையையும் தாண்டி வளர்ந்துவிட்டது.

போன அடிமரத்தை இன்று எப்படிப் பார்ப்பது? பழைய படங்களில்தான் பார்க்க முடியும். 1863 முதல் 1870 வரை இந்தியாவில் இருந்த சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் இந்த மரத்தைப் படம் எடுத்திருக்கிறார். அப்போது பிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூச வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுக்க வேண்டும். உடனே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். சாமான்களைச் சுமக்கவே பல கூலியாட்கள் தேவை. இத்தனை பாடுபட்டு எடுத்ததால்தான் அந்தப் படங்கள் இன்று சாட்சியாக நிற்கின்றன.

2020 மே மாதம் ஆம்பன் புயல் வீசியது. இந்த மரத்தின் பல கிளைகளும் விழுதுகளும் மறுபடி விழுந்தன. எங்கே விழுந்தது, எவ்வளவு போயிற்று என்பதைப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்தால் படிக்காதவரும் சொல்லிவிடுவார்.

படம் எடுப்பது எப்படி?

ரிக்ரெட் ஐயர் காலத்தில் ஒரு பிலிம் சுருளில் 36 படம்தான். ஒவ்வொன்றுக்கும் காசு. இன்று பல வீடுகளில் செல்போன் இருக்கிறது. எத்தனை படமும் எடுக்கலாம். ஆனால் பெரிய மரத்தின் அருகே நின்று எடுத்தால் என்ன ஆகும்? கொஞ்சம் கிளையும் கொஞ்சம் வானமும் வரும். மரம் வராது. எந்த மரம் என்றுகூடத் தெரியாது.

முதலில் விலகிப் போக வேண்டும். பக்கத்தில் குன்றோ ஏரிக்கரையோ இருந்தால் அதன் மேல் ஏறி எடுக்கலாம். அப்போதுதான் மரமும் அது நிற்கும் நிலமும் சேர்ந்து வரும். வயல், கிணறு, பாதை, கோயில் எல்லாம் படத்தில் இருக்கட்டும். நாளைக்கு அந்தப் பாதை சாலையாக மாறலாம். அந்த ஏரி சுருங்கலாம். மரத்தை மட்டும் எடுத்தால் அதெல்லாம் தெரியாமல் போகும்.

பிறகு கிட்டப் போக வேண்டும். மரத்தின் அடியில் ஒரு ஆளை நிற்க வைத்து எடுத்தால் அதன் பருமன் விளங்கும். ஆள் இல்லாத படத்தில் நூறு வயது மரமும் பத்து வயது மரமும் ஒன்று போலத் தெரியும். பட்டை, பொந்து, விழுது, பழம் இவற்றைத் தனித்தனியே எடுக்கலாம். உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம். நிழல் கறுப்பாகவும் வானம் வெள்ளையாகவும் விழும். காலையும் மாலையும் நல்லது. லேசாக மேகம் மூடிய நாள் அதைவிட நல்லது.

படத்துக்காக இளம் விழுதைப் பிடித்து ஊஞ்சல் ஆடுபவர்கள் இருக்கிறார்கள். அது பிஞ்சுக் கையை முறுக்குவது போல. மரத்தில் தொங்கும் வௌவால்கள் மீது இரவில் பிளாஷ் வெளிச்சம் அடிப்பதும் வேண்டாம்.

படத்துக்கு ஒரு வேலை

பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளிப் பக்கம் நல்லூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 53 ஏக்கரில் சுமார் 300 பழைய புளியமரங்கள். 2007-இல் அந்தத் தோப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரிய இடமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே அப்படி அறிவிக்கப்பட்ட முதல் இடம் அதுதான்.

தெலங்கானாவில் ஐதராபாத்தில் இருந்து செவெள்ளா வழியாக ஒரு நெடுஞ்சாலை போகிறது. இருபுறமும் நூற்றுக்கணக்கான பழைய ஆலமரங்கள். சாலையை அகலப்படுத்தத் திட்டம் வந்தது. வெட்டக் கூடாது என்று சிலர் கூட்டம் போட்டார்கள். அதோடு நிற்கவில்லை. சாலை ஓரமாகப் போய் மரங்களை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். படம் எடுத்தார்கள். எந்த மரம் எந்த இடத்தில் என்று குறித்தார்கள். வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 'இங்கே நிறைய மரம் இருக்கிறது' என்று வாயால் சொல்வது வேறு. ஒவ்வொரு மரத்துக்கும் படமும் இடமும் காட்டுவது வேறு.

ஊர் மரத்தின் படத்தைச் சேர்த்து வைக்க ஓர் இடமும் இருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழு 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' ஒன்றை எழுத வேண்டும். ஊரில் உள்ள மரம், செடி, பறவை, பயிர் எல்லாம் அதில் ஏற வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

படத்தை ஸ்டுடியோவில் காகிதத்தில் போட்டு வாங்கினால் அதன் பின்பக்கம் காலியாக இருக்கும். அதில் பேனாவால் எழுதுங்கள்: மரத்தின் பெயர், ஊர், தேதி, எங்கே நின்று எடுத்தது, அடிமரத்தின் சுற்றளவு எத்தனை முழம், ஊர்ப் பெரியவர்கள் அதைப் பற்றிச் சொன்னது. அடுத்த ஆண்டு அதே தேதியில் அதே இடத்தில் நின்று இன்னொரு படம் எடுங்கள். நின்ற இடம் மறந்துவிடாமல் ஒரு கல்லை அங்கே அடையாளமாகப் போட்டு வைக்கலாம்.