சத்தம் தூக்குமா?

அந்தரத்தில் ஒரு தெர்மகோல் மணி நிற்கிறது. மேலே நூல் இல்லை, கீழே தாங்கலும் இல்லை. மேலும் கீழும் சின்னச் சின்ன ஒலிபெருக்கிகள் மட்டும். நம் காதுக்கு எதுவும் கேட்பதில்லை. இது கண்கட்டு வித்தையன்று. ஒலி செய்யும் வேலை.

கொடிக்கயிற்றின் ஒரு நுனியைச் சுவரில் கட்டி, மறுநுனியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். சரியான வேகத்தில் ஆட்டினால், போகிற அலையும் சுவரில் பட்டுத் திரும்புகிற அலையும் சேர்ந்துகொள்ளும். கயிறு சில இடங்களில் பெரிதாக ஆடும்; நடுநடுவே சில புள்ளிகள் அசையாமல் நிற்கும். இதற்கு நிலை அலை என்று பெயர். அசையாத புள்ளியைப் பள்ளியில் ‘நோட்’ என்று நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். தமிழில் அது கணு. கரும்பில் பார்க்கிறோமே, அதே கணுதான்.

எதிரெதிரே வைத்த ஒலிபெருக்கிகளுக்கு நடுவே, காற்றின் அழுத்தத்திலும் இப்படிக் கணுக்கள் உண்டாகின்றன. மெல்லிய ஒலியில் அழுத்துவதும் இழுப்பதும் சரிக்குச் சரியாகக் கழிந்துவிடும். ஒலி மிகப் பலமாகி, சுமார் 150 டெசிபலை எட்டும்போது, கழிந்தது போக ஒரு சிறு தள்ளல் மிஞ்சுகிறது. அது மணியைக் கணுவை நோக்கித் தள்ளும். எடையோ கீழே இழுக்கும். இரண்டும் சமமாகும் இடத்தில், அதாவது கணுவுக்குச் சற்றுக் கீழே, மணி நின்றுவிடும்.

அவ்வளவு பலமான ஒலி ஏன் கேட்பதில்லை? நம் காது வினாடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்கும், இங்கே 40,000. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. அதை 40,000 ஆல் வகுத்தால் அலைநீளம் எட்டரை மில்லிமீட்டர். கணுவுக்குக் கணு அதில் பாதி, நாலே கால் மில்லிமீட்டர். அந்த இடைவெளிக்குள் அடங்கும் பொருளைத்தான் தூக்க முடியும். கடுகு சரி, ஜவ்வரிசி சரி.

பிரமிடுக் கற்களை ஒலியால் தூக்கி அடுக்கினார்கள் என்று சிலர் சொல்வதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஒரு மீட்டர் கனமுள்ள கல் சுமார் இரண்டரை டன். அதைத் தாங்கக் காற்றழுத்தத்தில் கால் பங்கு வேண்டும். அப்படித் தள்ளும் ஒலி எழுந்தால், பக்கத்தில் நிற்பவரின் காது மிஞ்சாது. பிள்ளைகள் கேட்டால் இந்தக் கணக்கையே போட்டுக் காட்டலாம்.

கல் தூக்காவிட்டால் என்ன, துளி தூக்கினால் போதும் என்கிறார்கள் மருந்து ஆராய்ச்சியாளர்கள். மருந்துக் கரைசலைப் பாத்திரத்தில் உலரவைத்தால், சுவரைப் பற்றிக்கொண்டு படிகம் வளரும். பல மருந்துகள் படிகமாகாமல் இருந்தால்தான் உடம்பில் எளிதாகக் கரையும். அந்தரத்தில் நிற்கும் துளிக்குச் சுவரே இல்லையல்லவா? அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் இம்முறையை 2012இல் செய்து காட்டியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் மிதக்கும் துளிகள் ஆவியாவதை ஆராய்ந்திருக்கிறார்கள்.

காந்தமும் தூக்கும். 1997இல் நெதர்லாந்தில் ஆந்த்ரே கெய்ம் 16 டெஸ்லா காந்தப் புலத்தில் உயிருள்ள தவளையையே மிதக்கவிட்டார். தவளை உடம்பிலுள்ள நீரைக் காந்தம் லேசாக விலக்குகிறது, அதுதான் காரணம். கேலிப் பரிசான இக் நோபல் அதற்கு 2000இல் கிடைத்தது. உண்மையான நோபல் பரிசு வேறொரு ஆராய்ச்சிக்காக 2010இல் அவரைத் தேடி வந்தது!

ஒலிக் கருவிக்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அசியர் மார்சோ குழுவினர், காரில் பின்னால் தடையிருந்தால் எச்சரிக்கும் சென்சார்கள் 72ஐ வைத்தே ஒன்றைச் செய்து, செய்முறையை 2017இல் எல்லோருக்கும் வெளியிட்டார்கள். மேல்வகுப்புப் பிள்ளைகள் சாலிடரிங் தெரிந்த பெரியவர் துணையோடு செய்யலாம். காதை அருகே கொண்டுபோக வேண்டாம். அடுத்தடுத்து நிற்கும் இரு மணிகளின் இடைவெளியை ஸ்கேலால் அளந்து, இரண்டால் பெருக்கி, 40,000 ஆலும் பெருக்குங்கள். ஒலியின் வேகம் ஏறக்குறைய வருகிறதா, பாருங்கள்.