பஸ் ஓடினால் நட்டமா?

நம்பிக்கை: பெண்களுக்கு ஓசி டிக்கெட் கொடுத்ததால்தான் போக்குவரத்துக் கழகங்கள் கடனில் மூழ்கின.

கழகங்களின் கடன் இந்தத் திட்டத்தைவிட வெகு மூத்தது. கட்டணமில்லாப் பயணத்துக்கான ஆணை கையெழுத்தானது 2021 மே 7 அன்று. மறுநாள் முதலே சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில், சென்னையில் ஒயிட் போர்டு என்று சொல்கிறோமே அந்த பஸ்களில், பெண்கள் காசு கொடுக்காமல் ஏறினார்கள். விட்டுப்போன கட்டணத்துக்கு அரசு கழகங்களுக்கு ஈடு கொடுக்கிறது. பள்ளி மாணவர்களின் பஸ் பாஸுக்குப் பல ஆண்டுகளாக இருந்துவரும் ஏற்பாடும் இதே வகைதான். அதை யாரும் ஓசி என்று சொல்வதில்லை.

ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கண்டது. வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் கூடையில் பூ விற்கிறவருக்கும் அது ஏறக்குறைய ஒரு காஸ் சிலிண்டருக்கு ஆகும் பணம். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆண்கள் பெரும்பாலும் காலையில் வேலைக்குப் போய் மாலையில் திரும்புகிறார்கள். பெண்கள் பிள்ளையைப் பள்ளியில் விட்டு, வேலைக்குப் போய், வழியில் மருந்து வாங்கி, மாமியாரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். இறங்கி ஏறும் ஒவ்வொரு முறைக்கும் தனி டிக்கெட் என்றால், அதிகம் செலவழிப்பது குறைவாகச் சம்பாதிப்பவர்தான். கட்டணத்தை நீக்கியபோது நீங்கியது அந்த அநியாயம். வரிப்பணம் இதைவிட நல்ல காரியத்துக்குப் போக முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

திட்டத்தில் குறையே இல்லை என்று சொல்லவில்லை. டீலக்ஸ் பஸ் வரிசையாக வந்துபோக, ஒயிட் போர்டுக்காக அரைமணி நேரம் காத்திருக்கும் பெண்ணுக்குச் சலுகை காகிதத்தில் மட்டுமே இருக்கிறது. சாதாரணப் பேருந்துகளின் எண்ணிக்கை குறைகிறதா என்பதைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும்.

நம்பிக்கை: கலெக்‌ஷன் இல்லாத தடங்களை நிறுத்திவிட்டால் கழகங்கள் நிமிர்ந்துவிடும்.

1972-இல் தனியார் பேருந்துகளை அரசு எடுத்துக்கொண்டு பல்லவன், பாண்டியன், சேரன் என்று கழகங்கள் உருவானபோது, கூட்டமுள்ள தடத்தின் வசூலில் கூட்டமில்லாத தடமும் ஓடும் என்பதே கணக்கு. ஊருக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வரும் டவுன் பஸ்ஸில்தான் பிளஸ் டூ மாணவி பள்ளிக்குப் போகிறாள், கர்ப்பிணிப் பெண் தாலுகா மருத்துவமனைக்குப் போகிறார். அந்தப் பயணத்தின் செலவு கழகத்தின் ஏட்டில் ஏறுகிறது. அதன் பலனோ பள்ளித் தேர்ச்சியிலும் பிரசவங்களிலும் சேர்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் நட்டம் என்று எழுதுவது நேர்மையான கணக்கு ஆகாது.

கையிருப்பு ஏன் கரைகிறது என்றும் பார்க்க வேண்டும். 2018 ஜனவரியில் கட்டணம் உயர்ந்தபோது டீசல் லிட்டர் 70 ரூபாய்க்குள் இருந்தது. பிறகு அது 90-ஐத் தாண்டியும் கட்டணத்தில் கைவைக்கவில்லை. ஏழைப் பயணிக்கு அது நல்லதுதான். ஆனால் அந்த இடைவெளியை அரசு முழுதாக நிரப்பாதபோது சுமை ஊழியர்கள் தலையில் விழுகிறது. 2024 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று, ஓய்வுபெற்றவர்களுக்கு வரவேண்டிய அகவிலைப்படி நிலுவை.

நம்பிக்கை: இன்னொரு மேம்பாலம் கட்டினால் நெரிசல் தீரும்.

சென்னையின் முதல் மேம்பாலமான ஜெமினி மேம்பாலம் 1973-இல் திறக்கப்பட்டது. கத்திப்பாரா 2008-இல் முழுமையானது. இரண்டின் மேலும் மாலை ஆறரை மணிக்கு வண்டிகள் நகராமல் நிற்கின்றன. சாலை விரியும்போது, அதுவரை நெரிசலுக்குப் பயந்து வண்டி எடுக்காதவர்களும் எடுக்கத் தொடங்குகிறார்கள். அமெரிக்க நகரங்களின் தரவுகளை ஆராய்ந்து டுராண்டன், டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரை, சாலை எவ்வளவு கூடுகிறதோ ஏறக்குறைய அதே அளவுக்கு வண்டி ஓட்டமும் கூடுகிறது என்று காட்டியது.

தென்கொரியத் தலைநகர் சோல் எதிர்த் திசையில் போனது. சோங்கெச்சோன் ஓடையை மூடி அதன்மேல் எழுந்திருந்த உயர்மட்டச் சாலையை 2003-இல் இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இடையில் 2004 ஜூலையில் நகரின் பேருந்து அமைப்பையே மாற்றினார்கள். பெரிய சாலைகளின் நடுவே பஸ்ஸுக்கென்று தனித் தடம், பஸ் மாறினாலும் ரயில் மாறினாலும் மொத்தத் தூரத்துக்கு ஒரே கட்டணம், தடத்தின் தன்மைக்கேற்ப பஸ்ஸின் நிறம். இடிக்கும் துணிவோடு இந்த ஏற்பாடும் சேர்ந்ததால்தான் நகரம் ஸ்தம்பிக்கவில்லை.

வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று இந்தியாவின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை 2006-லேயே சொல்லிவிட்டது. ஆனால் அண்ணா சாலையில்கூட ஒரு தடத்தைப் பேருந்துக்கென்று ஒதுக்க நமக்கு இன்னும் மனம் வரவில்லை.

நம்பிக்கை: மெட்ரோ வந்துவிட்டால் எல்லாம் சரியாகும்.

மெட்ரோ அவசியம். இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகச் சிற்றுந்தும், இடறாமல் நடக்க ஒரு நடைபாதையும் இல்லாவிட்டால் பயணி பழையபடி பைக்கைத்தான் எடுப்பார்.

இணைப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கிளாம்பாக்கமே போதும். தென்மாவட்டப் பஸ்களுக்கான முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கமே தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதை. திறந்த நாளில் அங்கே ரயில் நிலையம் இல்லை. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து, விடியற்காலையில் குழந்தையோடும் மூட்டையோடும் இறங்கியவர்கள் நகருக்குள் போக மாநகரப் பேருந்தைத் தேடினார்கள், கிடைக்காவிட்டால் ஆட்டோவிடம் பேரம் பேசினார்கள். பஸ் முனையத்தைக் கட்டியது ஒரு துறை, ரயில் நிலையத்தைக் கட்ட வேண்டியது இன்னொரு துறை. இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்கத்தான் சென்னைக்கென ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்க 2010-இல் சட்டம் வந்தது. அந்தக் குழுமத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில்.