கடைக்காரர் வீட்டுப் பிள்ளையும் எஸ்.பி.எம். பரீட்சையும்



கல்வியைப் பற்றி நமது சங்க ஏட்டில் எழுத இவனுக்கு என்ன தகுதி என்று என்னை அறிந்தவர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஊரில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். பின்னர் மதரஸாவில் சில ஆண்டுகள் ஓதினேன். அதற்குப் பிறகு கடைதான். நான் பெரிய பரீட்சை எதையும் எழுதித் தேறியவன் அல்லன். ஆனால் பெற்ற பிள்ளையைப் பரீட்சையில் தவற வைத்தவன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

என் மூத்த மகன் 2017ஆம் ஆண்டு எஸ்.பி.எம். எழுதினான். கணக்கில் கெட்டிக்காரன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாப்பிட்டுவிட்டுக் கடைக்கு வருவான். இரவு பத்து மணிக்குக் கதவு சாத்தும் வரை கல்லாவில் இருப்பான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் மடியில் புத்தகம் விரிந்திருக்கும். "தம்பி கடையையும் பார்க்கிறான், படிப்பையும் பார்க்கிறான்" என்று வருகிறவர்கள் சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்காது. முடிவு வந்தபோது கணிதத்திலும் கணக்கியலிலும் நல்ல தரம் பெற்றிருந்தான். வரலாற்றில் 'ஜி' என்று இருந்தது. ஜி என்றால் தவறிவிட்டான் என்று பொருள்.

ஒரு பாடம்தானே என்று நான் எண்ணினேன். மற்றப் பாடங்களில் என்ன தரம் பெற்றாலும் தேசிய மொழியான மலாயிலும் வரலாற்றிலும் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது என்பதை அன்றுதான் அறிந்தேன். வரலாறு 2013ஆம் ஆண்டு முதலே கட்டாயத் தேர்ச்சிப் பாடமாக இருந்து வருகிறது. நாலாண்டுக்கு முன் வந்த விதியை, பரீட்சைக்கு மகனை அனுப்பிய தகப்பன் அறிந்திருக்கவில்லை! சர்க்கரை விலையில் ஐந்து காசு ஏறினால் அன்று மாலையே அறிந்துகொள்ளும் நமக்கு இது தெரியாமல் போயிற்று. மகன் வரலாற்றை மட்டும் மறுபடியும் எழுதித் தேறினான். ஆயினும் அவன் தோழர்கள் மேற்படிப்பில் சேர்ந்துவிட்ட காலத்தில் இவன் கடையில் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தான்.

அதன் பின் என் மகளின் முறை வந்தது. இம்முறை தெரிந்தவர்களிடம் கேட்டேன், நானும் யோசித்தேன். அப்படிக் கற்றவற்றையே கீழே எழுதுகிறேன்.

முதலில் ஒரு செய்தி. முன்பெல்லாம் ஆறாம் ஆண்டில் யு.பி.எஸ்.ஆர். பரீட்சையும் மூன்றாம் படிவத்தில் பி.டி. 3 பரீட்சையும் இருந்தன. முன்னது 2021லும் பின்னது 2022லும் நீக்கப்பட்டன. ஆகவே இக்காலத்துப் பிள்ளை எழுதும் முதற் பொதுப் பரீட்சையே எஸ்.பி.எம். ஆகிவிட்டது. பரீட்சை மண்டபம் எப்படி இருக்கும், நேரம் எப்படி ஓடும் என்பதை முன்பே பழகிக்கொள்ள அதற்கு வாய்ப்பில்லை. பள்ளியில் நடக்கும் முன்னோட்டப் பரீட்சை ஒன்றுதான் ஒத்திகை. அந்த வாரத்தில் உறவினர் கல்யாணம், கடையில் சரக்கு இறக்கும் வேலை என்று பிள்ளையை இழுக்காதீர்கள்.

இனி, படிக்கும் முறை. என் மகன் படிக்காமல் தவறவில்லை. வரலாற்றுப் புத்தகத்தை மூன்று முறை வாசித்தான். மஞ்சள் மையால் கோடுகூடப் போட்டிருந்தான். வாசிப்பது வேறு, மனத்தில் தங்குவது வேறு என்பதை மதரஸாவில் ஓதிய நான் அல்லவா அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும்? குர்ஆனை மனனம் செய்யும் பிள்ளையை ஹஜ்ரத் எப்படி நடத்துவார் என்று நினைத்துப் பாருங்கள். அன்றைய புதுப் பாடத்தைப் பாராமல் ஒப்பிக்க வேண்டும். அத்துடன் சென்ற சில நாட்களின் பாடத்தையும் ஒப்பிக்க வேண்டும். அதற்கு மேல், முன்னே முடித்த ஜுஸ்உகளிலிருந்தும் நாள்தோறும் ஒரு பகுதி ஓதிக் காட்ட வேண்டும். "பார்த்து வாசித்தேன்" என்றால் ஹஜ்ரத் ஒப்புக்கொள்ளமாட்டார். கிதாபை மூடு, சொல் என்பார்.

இதையே வெளிநாட்டு அறிஞர்களும் சோதித்துக் கண்டிருக்கிறார்கள். ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, மனிதன் கற்றதில் பெரும்பகுதியை முதல் ஓரிரு நாளிலேயே மறந்துவிடுகிறான் என்று 1885இல் எழுதினார். அமெரிக்காவில் 2006இல் நடந்த ஓர் ஆராய்ச்சியில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவரைவிட, ஒரு முறை வாசித்துப் பின் பாராமல் எழுதிப் பார்த்த மாணவரே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தனர்.

ஆகவே மகளுக்கு இப்படிச் செய்தோம். இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் புத்தகத்தை நான் பிடித்துக்கொள்வேன். அவள் அன்றைய பாடத்தைப் பாராமல் எனக்குத் தமிழில் சொல்லவேண்டும். மலாயில் அவள் படித்ததைத் தமிழில் கேட்டால் எனக்குப் புரியும். எனக்குப் புரியும்படி அவளால் சொல்ல முடியாத இடமே அவளுக்கும் புரியாத இடம். மூன்று நாள் கழித்து அதே பாடத்தில் இரண்டு கேள்வி, பத்து நாள் கழித்து மறுபடியும் இரண்டு. இதற்குத் தகப்பன் படித்தவனாக இருக்கவேண்டியதில்லை. அரை மணி நேரம் கைத்தொலைபேசியைத் தூர வைத்துவிட்டு உட்காரக்கூடியவனாக இருந்தால் போதும். எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது.

வரலாற்றில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எப்போது, ஏன், யார், அதனால் என்ன என்று நான்கு கேள்வி கேட்டேன். எடுத்துக்காட்டாக, மலாயன் யூனியன் 1946 ஏப்ரல் 1இல் தொடங்கி 1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசுக்கு இடம் விட்டது. ஏன் எதிர்த்தார்கள்? சுல்தான்களின் அதிகாரம் குறைக்கப்பட்டது. குடியுரிமை எளிதாக வழங்கப்பட இருந்தது. சுல்தான்களிடம் மெக்மைக்கேல் கையொப்பம் வாங்கிய விதமும் மனக்கசப்பை உண்டாக்கிற்று. இவ்வாறு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் ஆண்டு தானாகவே ஒட்டிக்கொள்ளும். 1955 ஜூலை 27இல் நடந்த தேர்தலில் 52 இடங்களில் 51ஐக் கூட்டணிக் கட்சி வென்றது என்று மகள் சொன்னபோது, அந்த ஓர் இடம் யாருக்குப் போயிற்று என்று நான் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. தேடிப் பார்த்து, பாஸ் கட்சிக்கு என்று மறுநாள் சொன்னாள். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

வரலாற்று இரண்டாம் தாளுக்கு 100 புள்ளி, இரண்டரை மணி நேரம். அஃதாவது ஒரு புள்ளிக்கு ஒன்றரை நிமிடம். பத்துப் புள்ளிக் கேள்விக்கு அரை மணி நேரம் செலவிடும் பிள்ளை, பத்து ரிங்கிட் சாமானை இருபது ரிங்கிட்டுக்குக் கொள்முதல் செய்தவனுக்கு ஒப்பாகும். என் மகன் அப்படித்தான் செய்தான். கடைசிக் கேள்விகளை அவன் தொடவே இல்லை.

மலாய் மொழியில் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. கடையில் பேசும் மலாய் அவர்களுக்குச் சரளமாக வரும். அதனால் மொழி தெரியும் என்று நாமும் நம்புகிறோம், அவர்களும் நம்புகிறார்கள். பசார் மலாயில் முன்னொட்டும் பின்னொட்டும் உதிர்ந்துபோகும். பரீட்சையிலோ அவைதாம் உயிர். 'ஜுவால்' என்ற ஒரே சொல்லைப் பாருங்கள்: மெஞ்ஜுவால் என்றால் விற்றல், டிஜுவால் என்றால் விற்கப்படுவது, பெஞ்ஜுவால் என்றால் விற்பவர், ஜுவாலான் என்றால் விற்பனைப் பொருள், பெஞ்ஜுவாலான் என்றால் விற்பனைச் செயல். தினம் ஒரு கடைச் சொல்லை எடுத்து இப்படி விரித்து எழுதச் சொல்லுங்கள். 'டி' என்பது இடத்தைக் குறித்தால் பிரித்து எழுதவேண்டும். வினையோடு வந்தால் சேர்த்து எழுதவேண்டும். 'டி கெடாய்' பிரியும், 'டிஜுவால்' சேரும். என் கடை வாசலில் 'டி ஜுவால்' என்று பிரித்தெழுதிய பலகை பதினோர் ஆண்டு தொங்கிற்று. அதைப் பார்த்தே என் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மகள் ஒரு நாள் அதைக் கழற்றிவிட்டாள்.

மலாய்க் கட்டுரைத் தாளில் முதற் பகுதிக்கு 30 புள்ளி, இரண்டாம் பகுதிக்கு 70. முதற் பகுதி எளிது என்று அதையே அழகுபடுத்திக்கொண்டிருந்தால் பெரியதற்கு நேரம் இராது. ஆங்கில எழுத்துத் தாளிலும் இதே கதைதான்: மூன்று பகுதி, ஒன்றரை மணி நேரம். முதலாவது ஏறக்குறைய 80 சொல்லில் ஒரு மறுமொழி. அடுத்தது 125 முதல் 150 சொல். மூன்றாவது 200 முதல் 250 சொல். கடிகாரத்தை மேசைமேல் வைத்து வீட்டிலேயே எழுதிப் பழகவேண்டும். ஆங்கிலத்துக்கு வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது. நாள்தோறும் ஒரு பக்கம் உரக்க வாசிக்கச் சொன்னேன், அவ்வளவே.

கணிதத்தில்தான் வியாபாரி வீட்டுப் பிள்ளைக்கு அனுகூலம் அதிகம். நாலாம் படிவத்தில் பண நிர்வாகமும் ஐந்தாம் படிவத்தில் காப்புறுதியும் வரியும் பாடங்களாக இருக்கின்றன. வருமான வரித் தாள், மதிப்பீட்டு வரி பில், கடையின் தீக்காப்புறுதிப் பத்திரம் ஆகியவற்றை ஒளித்து வைக்காமல் பிள்ளையின் முன் விரியுங்கள். மகள் எனக்குக் கற்பித்த கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். சரக்கின் மதிப்பு 200,000 ரிங்கிட் என்று வையுங்கள். அதில் 80 விழுக்காட்டுக்கு, அஃதாவது 160,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி எடுக்கவேண்டும் என்பது நிபந்தனை. நாம் சிக்கனம் பார்த்து 120,000க்கு மட்டும் எடுத்திருக்கிறோம். தீயில் 40,000 ரிங்கிட் நட்டம். முழுதும் கிடைக்குமா? கிடைக்காது. 120,000ஐ 160,000ஆல் வகுத்து நட்டத்தால் பெருக்க 30,000 வரும். அதில் நம் பொறுப்புத் தொகை 2,000 என்றால் அதையும் கழித்துக் கைக்கு வருவது 28,000. இருபது ஆண்டு கடை நடத்திய எனக்கு இது தெரியாது. மறு வாரமே பத்திரத்தைத் திருத்தி வாங்கினேன். பாடம் வீட்டுக்குப் பயன்படுகிறது என்று கண்ட பின் அவளுக்குக் கணிதத்தில் புதிய உற்சாகம் பிறந்தது.

இன்னொன்று. கடைப் பிள்ளை மனக்கணக்கில் விடையைச் 'சடக்'கென்று சொல்லிவிடும். இரண்டாம் தாளில் வழிமுறைக்கும் புள்ளி உண்டு. விடை மட்டும் எழுதினால் நட்டம். படிப்படியாக எழுதச் சொல்லுங்கள். முதல் தாளிலோ 40 கேள்வியும் விடை தெரிவு செய்வன. தவறான விடைக்குப் புள்ளி குறைக்கமாட்டார்கள். ஆதலால் ஒன்றையும் வெறுமையாக விடக்கூடாது.

விஞ்ஞானப் பாடங்களை நான் அதிகம் அறியேன். இரசாயனத்தில் சமன்பாட்டின் இரு பக்கமும் பேரேட்டைப்போல் ஒத்திருக்கவேண்டும் என்று மகள் சொன்னாள். பௌதிகத்தில் விடையோடு அலகையும் எழுதவேண்டுமாம். கணக்கியல் எடுக்கும் பிள்ளைக்கு ஓர் எச்சரிக்கை: கடனுக்கு விற்றதும் அன்றே விற்பனைதான், பணம் வந்தபின் எழுதுவது நம் கடை வழக்கம், பாட வழக்கம் அன்று. இஸ்லாமியக் கல்வியில், நன்றாக ஓதத் தெரிந்த பிள்ளை அலட்சியமாக இருந்துவிடும். அங்கே கேட்பது பொருளும் சட்டமும் காரணமும். அவற்றை மலாயில் எழுதிப் பழகவேண்டும்.

எந்தப் பாடமானாலும் தவறுகளுக்கு ஒரு தனி நோட்டு வேண்டும். நம் பற்றுப் புத்தகம் போலத்தான். தவறிய கேள்வி ஒவ்வொன்றும் நிலுவை. வெவ்வேறு மூன்று நாளில் சரியாகச் செய்த பின்பே அதை அடிக்கலாம். பரீட்சைக்கு முந்தைய வாரம் புத்தகம் முழுவதையும் புரட்டாமல், மகள் அந்த நோட்டில் அடிக்கப்படாதவற்றை மட்டும் பார்த்தாள்.

கடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மகள் ஐந்தாம் படிவத்தில் இருந்த ஆண்டு, மாலை வேலைக்கு ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்தேன். மாதா மாதம் அந்தச் செலவு உறுத்தத்தான் செய்தது. கடையில் பிள்ளை உதவி செய்வது தவறு என்று நான் சொல்லவில்லை. வியாபாரத்தையும் கற்கட்டும், பள்ளி விடுமுறையில் வரட்டும். கல்லாவில் உட்கார்ந்து படிப்பது மட்டும் படிப்பு ஆகாது. இரண்டு வரிக்கு ஒரு தரம் "தம்பி, முட்டை என்ன விலை?" என்று ஒருவர் கேட்டால் எந்தப் பாடம் ஏறும்?

மகள் 2023ஆம் ஆண்டுப் பரீட்சையில் எல்லாப் பாடங்களிலும் தேறினாள். வரலாற்றில் 'ஏ' வாங்கினாள். இப்போது இளையவன் நாலாம் படிவத்தில் இருக்கிறான். பொழுது சாய்ந்த பின் அவன் கடைப்பக்கம் வருவதில்லை. அந்த நேரத்தில் கல்லாவில் இருப்பவன் மூத்தவன். சம்பளத்துக்கு ஆள் வைக்கவேண்டாம் அத்தா, நான் நிற்கிறேன் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.